ராணுவம் இல்லாத நாட்டுக்கு யார் காவல்?

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் மதிலைத் தாண்டித்தான் அந்த மாணவியின் பஸ் தினமும் போகும். விடியற்காலையில் பயிற்சி இளைஞர்கள் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் குடிமையியல் வகுப்பில் அவள் எழுந்து கேட்டாள்: "சார், ராணுவமே இல்லாத நாடுகள் இருக்கின்றனவாமே? பக்கத்து நாட்டுக்காரன் நாளைக்கே உள்ளே வந்துவிட மாட்டானா?"

நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே பதில் சொல்லிவிட்டது. ஒரு பையன் தன் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒப்பித்தான்: கோஸ்டாரிகா ராணுவத்தைக் கலைத்துவிட்டு எல்லாப் பணத்தையும் பள்ளிக்கூடத்தில் போட்டது, இன்று சொர்க்கமாக இருக்கிறது. இன்னொருவன் மறுத்தான்: "அமெரிக்கா காவல் காக்கிறது. அவ்வளவுதான் விஷயம்."

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டுமே விஷயத்தைத் தொடாமல் போகின்றன. பெரியவர்களும் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ராணுவம் இல்லாத நாடுகள் பாதுகாப்பைக் கைவிட்ட நாடுகள் அல்ல. ராணுவம் என்ற ஒரே அமைப்பு செய்யும் வேலைகளைப் பிரித்துப் பல கைகளில் கொடுத்த நாடுகள். எந்த வேலை யார் கைக்குப் போனது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

நிரந்தர ராணுவம் என்றால் என்ன? போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கி, முகாம்களில் தங்கி, கனரக ஆயுதங்களோடு, வேறொரு நாட்டுப் படையை எதிர்கொள்வதையே முதல் வேலையாகக் கொண்ட படை. இந்தக் கட்டுரையில் 'ராணுவம்' என்று நான் எழுதும் இடமெல்லாம் இதைத்தான் குறிக்கிறேன்.

துப்பாக்கி பிடித்தவர் எல்லாம் ராணுவம் இல்லை. போலீசிடம் துப்பாக்கி உண்டு. கடலோரக் காவல் படையின் கப்பல்களில் பீரங்கிகூட உண்டு. பழந்தமிழில் படையைப் பேசும்போது மூலப்படை, கூலிப்படை, துணைப்படை என்றெல்லாம் பிரித்துப் பேசினார்கள். அரசனிடம் வழிவழியாக இருந்துவரும் படை மூலப்படை, காசுக்கு வருவது கூலிப்படை, நட்பு அரசன் அனுப்பிவைப்பது துணைப்படை. அந்தக் கணக்கில் சொன்னால், நாம் பேசும் நாடுகளிடம் மூலப்படை மட்டும்தான் இல்லை. துணைப்படை பெரும்பாலும் உண்டு.

இப்படிப்பட்ட நாடுகள் உலகில் ஏறத்தாழ இருபது. வாடிகன், மொனாக்கோ, அந்தோரா, லீக்டன்ஸ்டைன் போன்ற மிகச் சிறிய நாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நாடுகளின் மடியில் உட்கார்ந்திருக்கும் நாடுகள் அவை. லீக்டன்ஸ்டைன் 1868லேயே படையைக் கலைத்துவிட்டது. பசிபிக், கரீபியன் தீவுகள் சிலவும் பட்டியலில் வரும். நமக்குப் பாடம் சொல்லக்கூடியவை மூன்று: நடு அமெரிக்காவின் கோஸ்டாரிகா, வட அட்லாண்டிக்கின் ஐஸ்லாந்து, இந்தியப் பெருங்கடலின் மொரீஷியஸ். மொரீஷியஸின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த நாட்டுக்கு ராணுவம் இல்லை என்பது அவ்வளவாகத் தெரியாது.

நம் வீட்டில் தீயணைப்பு வண்டி இருக்கிறதா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். மாடிப்படி ஓரத்தில் நான்கு தீயணைப்புக் குடுவைகள், வாசலில் ஒரு வாட்ச்மேன். தீயணைப்பு வண்டி கிடையாது. அதற்காக நாங்கள் தீயைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறு தீயென்றால் குடுவை. பெருந்தீயென்றால் 101க்குப் போன் செய்தால் வண்டி வரும். வரிப்பணத்தில் ஊருக்கே பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனியாக ஒரு வண்டி வாங்கி, டிரைவருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்திவைத்தால் மாதப் பராமரிப்புத் தொகை எங்கே போய் நிற்கும்?

ராணுவம் இல்லாத நாட்டின் ஏற்பாடும் அடிப்படையில் இதுதான். சிறிய ஆபத்துக்குச் சொந்தப் போலீஸ், பெரிய ஆபத்துக்குப் பொது ஏற்பாடு.

ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தீ திட்டம் போட்டு வருவதில்லை, படையெடுப்பவன் திட்டம் போட்டுத்தான் வருவான். தீயணைப்பு வண்டி வருமா என்று நமக்குச் சந்தேகம் இல்லை, நட்பு நாடு வருமா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அதனால்தான் இந்த நாடுகள் ஒரே ஏற்பாட்டை நம்பி இருப்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் வைத்திருக்கின்றன.

படையெடுப்பவன் போடும் கணக்கு

எந்தப் படையெடுப்புக்கும் பின்னால் ஒரு லாப நஷ்டக் கணக்கு இருக்கும். பிடித்தால் என்ன கிடைக்கும், பிடிக்க என்ன செலவாகும், பிடித்த பிறகு வைத்திருக்க என்ன செலவாகும். ராணுவம் இரண்டாவது எண்ணை உயர்த்துகிறது. அந்தச் செலவுக்கு அஞ்சி எதிரி வராமல் இருப்பதற்குத் தடுப்பாற்றல் என்று பெயர். ஆனால் மூன்றாவது எண்ணை உயர்த்தியும் எதிரியைத் தடுக்கலாம். வந்தால் வணிகம் நிற்கும், கடன் கிடைக்காது, பெரிய நாடு ஒன்று தலையிடும், உலக நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். இவையும் தடுப்பாற்றல்தான்.

ராணுவம் இருந்தாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்குச் சென்னைக்காரர்களாகிய நாமே சாட்சி. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் இருளில் வந்து மதராஸ் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊர் காலியானது. அப்போது நம்மை ஆண்டவர்களிடம் இருந்தது உலகிலேயே மிகப் பெரிய கடற்படை. கப்பல் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியும் 'சரியான எம்டன்' என்ற சொல் இன்னும் நம் வாயில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1940 மே 10ஆம் தேதி, ராணுவமே இல்லாத ஐஸ்லாந்தில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. ஐஸ்லாந்து எதிர்ப்புக் கடிதம் கொடுத்தது, அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. அதே நாளில்தான் ராணுவம் வைத்திருந்த நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் ஜெர்மனி தாக்கியது. நெதர்லாந்து ஐந்தே நாளில் பணிந்தது. இதிலிருந்து ராணுவம் வீண் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. சிறிய நாட்டின் சிறிய ராணுவத்தால் ஒரு வல்லரசைத் தடுக்க முடிவது அரிது என்பதுதான் இதில் தெரிவது. அப்படியானால் அந்தச் சிறிய ராணுவம் உள்ளூரில் என்ன செய்துகொண்டிருக்கிறது? கோஸ்டாரிகா கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

இதுவரை பார்த்தது: ராணுவம் வேறு, போலீஸ் வேறு. ராணுவம் இல்லாத நாடு வேறு வழிகளில் எதிரியின் செலவைக் கூட்டுகிறது. ராணுவம் இருப்பது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

கோஸ்டாரிகா: வேலியே பயிரை மேய்ந்தால்

கோஸ்டாரிகா தமிழ்நாட்டில் பாதிகூட இல்லாத நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம், சென்னை மாநகரைவிடக் குறைவு. 1948 பிப்ரவரியில் அங்கே தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஒதிலியோ உலாத்தே வென்றார். ஆளுங்கட்சியின் பிடியில் இருந்த நாடாளுமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஹோசே ஃபிகரெஸ் என்ற காப்பித் தோட்டக்காரர் ஆயுதம் ஏந்திக் கிளம்பினார். 44 நாள் உள்நாட்டுப் போர், ஏறத்தாழ 2,000 பேர் பலி. ஃபிகரெஸ் வென்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் என்ன நடக்கும்? வென்றவர் தன் ஆட்களைக் கொண்டு புது ராணுவம் அமைப்பார், நாற்காலியில் நிரந்தரமாக உட்காருவார். ஃபிகரெஸ் 1948 டிசம்பர் 1ஆம் தேதி தலைநகர் சான் ஹோசேயின் பெல்லாவிஸ்தா முகாமுக்குப் போனார், சம்மட்டியால் அதன் மதிலில் ஓர் அடி அடித்தார், ராணுவம் கலைக்கப்பட்டது என்று அறிவித்தார். முகாமின் சாவியைக் கல்வித்துறையிடம் ஒப்படைத்தார். அந்தக் கட்டடம் இன்று தேசிய அருங்காட்சியகம். 1948 சண்டையில் பாய்ந்த குண்டுகளின் துளைகளை அதன் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

இதை நல்ல மனத்தின் வேலையாக மட்டும் பார்ப்பது சரியல்ல. ஃபிகரெஸுக்குத் தன்னலமும் இருந்தது. பழைய ராணுவம் அவருடைய எதிரிகளின் ராணுவம், அதை விட்டுவைத்தால் ஒருநாள் அவர்மேலேயே பாயும். அந்த அச்சம் வீணான அச்சமும் இல்லை. கலைப்பு அறிவித்து நான்கு மாதம் ஆனதுமே, 1949 ஏப்ரலில், அவருடைய பாதுகாப்பு அமைச்சரே ராணுவப் புரட்சிக்கு முயன்றார். ராணுவப் புரட்சி என்றால் ஆயுதம் வைத்திருப்பவர்கள் வாக்குச்சீட்டை ஒதுக்கிவிட்டு ஆட்சியைப் பிடிப்பது. முயற்சி தோற்றது. 1949 நவம்பரில் ஃபிகரெஸ், தேர்தலில் வென்ற உலாத்தேயிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகினார்.

அந்த ஆண்டு வந்த அரசியல் சாசனத்தின் 12ஆவது பிரிவு, ராணுவம் நிரந்தர அமைப்பாக இருப்பதைத் தடைசெய்கிறது. 'நிரந்தர' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டைக் காக்க வேண்டிய கட்டாயம் வந்தால் படை திரட்டலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் படை எப்போதும் மக்கள் அரசுக்குக் கட்டுப்பட்டது. இன்னொரு நுட்பமான ஏற்பாடும் உண்டு. தேர்தல் நியாயமாக நடப்பதற்காகப் போலீசுக்கு வழிகாட்டும் அதிகாரம் சுதந்திரமான தேர்தல் தீர்ப்பாயத்திடம் இருக்கிறது. தேர்தலைக் கெடுத்ததால்தானே போர் வந்தது? காயம் பட்ட இடத்திலேயே மருந்து போட்டார்கள்.

கோஸ்டாரிகா பெற்ற மிகப் பெரிய லாபம் பணம் என்று பலரும் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. 1949க்குப் பிறகு அந்த நாட்டில் ஆட்சி மாறியதெல்லாம் வாக்கினால்தான். சுற்றியிருந்த குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா எல்லாம் ராணுவ ஆட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் பல பத்தாண்டுகளைத் தொலைத்தன. அந்த நாடுகளில் ராணுவங்கள் பெரும்பாலும் சுட்டது சொந்த மக்களை. வேலி பயிரை மேய்ந்த வயல்கள் நாலாபக்கமும் இருக்க, வேலியே வேண்டாம் என்று முடிவு செய்தவனின் வயல் விளைந்தது.

மிச்சப்பட்ட பணம் எங்கே போனது?

பணக் கணக்கை இரண்டு வரியில் முடித்துவிடலாம், ஏனென்றால் வாட்ஸ்அப் செய்திகள் இதைத்தான் அளவுக்கு மீறி ஊதுகின்றன. உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்குப் போகிறது. ஒரு காரியத்தில் போட்ட பணத்தால் வேறு எதைச் செய்திருக்கலாமோ அதை இழப்பதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்து வீட்டுக்கு இரண்டாவது மாடி கட்டினால், கல்லூரிதான் அந்த மாடியின் வாய்ப்புச் செலவு.

கோஸ்டாரிகா மாடி கட்டவில்லை. பள்ளி, பொது மருத்துவம், மின்சாரம் என்று செலவழித்தது. இன்று அங்கே சராசரி ஆயுள் ஏறத்தாழ 80. எழுத்தறிவு 97 சதவீதத்துக்கு மேல். ஆனால் அங்கே கட்டாய இலவசக் கல்வி 1869லேயே தொடங்கிவிட்டது, ராணுவத்தைக் கலைத்துக் கிடைத்த பணத்தால் தொடங்கவில்லை. மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று சாசனமே சொல்லியும், அந்த அளவு எட்டப்படவில்லை. ராணுவத்தைக் கலைத்த பணம் தானாக நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விடாது. கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் அரசு வேண்டும், விடாமல் கேட்க மக்கள் வேண்டும்.

நட்பு என்னும் அரண்

இப்போது அந்த இரண்டாவது பையனின் வாக்கியத்துக்கு வருவோம்: "அமெரிக்கா காவல் காக்கிறது."

ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழுந்த அடி என்று பல நாடுகள் எழுதிக் கையெழுத்திடுவதற்குக் கூட்டுப் பாதுகாப்பு என்று பெயர். 1947இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ரியோ டி ஜெனீரோவில் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தன. அது நடைமுறைக்கு வந்தது 1948 டிசம்பர் 3ஆம் தேதி, கோஸ்டாரிகா தன் ராணுவத்தைக் கலைத்த மூன்றாம் நாள். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஃபிகரெஸ் எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை என்பது புரியும். அடுத்த வாரமே சோதனை வந்தது. தோற்றுப்போன எதிரணியினர் நிகராகுவாவில் இருந்து படையோடு நுழைந்தார்கள். கோஸ்டாரிகா அந்த ஒப்பந்தத்தைக் காட்டி உதவி கேட்டது. அமெரிக்க நாடுகள் அமைப்பு விசாரணைக் குழுவை அனுப்பியது, படையெடுப்பு அடங்கியது.

1955 ஜனவரியில் மறுபடியும் நுழைந்தார்கள், இந்த முறை விமானங்களும் வந்தன. அமைப்பு மறுபடி தலையிட்டது. அமெரிக்கா நான்கு போர் விமானங்களைத் தலா ஒரு டாலர் விலையில் கோஸ்டாரிகாவுக்கு விற்றது. ஆக, அமெரிக்காவின் கை இருந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோஸ்டாரிகா போனது ஒரு கண்டத்தின் பொது அமைப்பிடம். கையில் எழுதிய ஒப்பந்தம் இருந்தது, நியாயமும் அதன் பக்கம் இருந்தது. துணைப்படை கேட்டு வருவது வேறு, கேட்காமல் வந்து உட்காருவது வேறு.

பீரங்கி இல்லாமல் எல்லைத் தகராறு

2010 அக்டோபரில் நிகராகுவா வீரர்கள் சான் ஹுவான் ஆற்று முகத்துவாரத்தில், கோஸ்டாரிகா தன்னுடையது என்று சொல்லும் சதுப்பு நிலத்தில் இறங்கினார்கள். ஆற்றைத் தூர்வாரும் வேலையும் நடந்தது. ராணுவம் உள்ள நாடாக இருந்தால் எல்லைக்குப் படை போயிருக்கும், இரண்டு பக்கமும் தொலைக்காட்சிகள் முழங்கியிருக்கும். கோஸ்டாரிகா போலீசை எல்லைக்கு அனுப்பியது, வக்கீல்களை நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2011 மார்ச்சில், தகராறுக்குரிய நிலத்தில் இரு தரப்பும் ஆட்களை வைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2015 டிசம்பர் 16ஆம் தேதி அந்த நிலம் கோஸ்டாரிகாவுடையது என்று தீர்ப்பு. அதே தீர்ப்பு கோஸ்டாரிகாவையும் ஒரு விஷயத்தில் கண்டித்தது: ஆற்றோரம் சாலை போடும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை. 2018 பிப்ரவரியில், சதுப்பு நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் செலவுகளுக்கும் நிகராகுவா 3,78,890 டாலர் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கணக்குப் போட்டுச் சொன்னது. நிகராகுவா கொடுத்துவிட்டது.

எட்டு ஆண்டுகள். நம் ஊர்ச் சிவில் வழக்குபோல இழுத்ததுதான். ஆனால் ஒரு வீட்டிலும் இழவு விழவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் தழுதழுத்துவிடுகிறது. எல்லையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சுருக்கமாக: ஒப்பந்தம் ஒரு அடுக்கு, நீதிமன்றம் இன்னொரு அடுக்கு. இரண்டுக்கும் வேர், பேச்சு மாறாத நாடு என்று பல ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர்.

காசிமேட்டில் சொன்னால் உடனே புரியும் கதை

ராணுவம் இல்லாத நாடு பணிந்தே போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஐஸ்லாந்தின் மீன் சண்டையைச் சொல்வேன். ஐஸ்லாந்துக்கு ராணுவம் இல்லை, மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு, வாழ்வு மீனில். காட் என்னும் குளிர்க்கடல் மீனைப் பிரிட்டனின் பெரிய படகுகள் ஐஸ்லாந்தின் வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போயின. 1958இல் தன் மீன்பிடி எல்லை 12 கடல் மைல் என்றது ஐஸ்லாந்து. 1972இல் 50 என்றது, 1975இல் 200 என்றது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் தன் போர்க்கப்பல்களைக் காவலுக்கு அனுப்பியது.

ஐஸ்லாந்திடம் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கடலோரக் காவல் கப்பல்கள். அவற்றின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்தார்கள். பார்ப்பதற்கு நங்கூரம் போல இருக்கும், கைகளின் உட்பக்கம் கூராக இருக்கும். மீன்பிடிப் படகின் பின்புறமாகக் குறுக்கே ஓட்டிப்போனால், வலையை இழுக்கும் இரும்புக் கயிற்றில் அது மாட்டி, கயிற்றை அறுத்துவிடும். வலையும் மீனும் கடலடிக்குப் போய்விடும். காசிமேட்டில் இழுவலை போடும் எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், வலையின் விலை நினைவுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு குண்டு வெடிக்க வேண்டியதில்லை. நாலு படகு வலை இழந்தால் ஐந்தாவது படகு வருவதற்கு யோசிக்கும்.

முன்பு பார்த்த லாப நஷ்டக் கணக்கு இதுவேதான். கூடவே இன்னொரு துருப்பும் இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் ஐஸ்லாந்தும் 1949 முதல் உறுப்பினர், கெஃப்லாவிக் என்ற இடத்தில் அமெரிக்கத் தளம் இருந்தது. சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அந்த இடம் இன்றியமையாதது. 'இப்படியே போனால் கூட்டணியில் இருந்து விலகுவோம்' என்றது ஐஸ்லாந்து. 1976 பிப்ரவரியில் பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. ஜூனில் பிரிட்டன் 200 மைல் எல்லையை ஒப்புக்கொண்டது. தனக்குப் படை இல்லை என்றாலும், தன் நிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்து வைத்திருந்த நாடு அது.

மொரீஷியஸும் மாலத்தீவும்

நம் கடலுக்கு வருவோம். மொரீஷியஸ் 1968இல் விடுதலை பெற்றதில் இருந்து ராணுவம் இல்லாமல் இருக்கிறது. போலீசின் கீழேயே ஒரு சிறப்பு அதிரடிப் பிரிவும் தேசியக் கடலோரக் காவல் படையும் உண்டு. கடல் காவலுக்கு இந்தியாவின் துணை பெரிது. 'பாரகுடா' என்ற ரோந்துக் கப்பல் கொல்கத்தாவில் கட்டி அனுப்பப்பட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், தமிழர், தெலுங்கர், மராத்தியர், சீனர், ஆப்பிரிக்க வழியினர் என்று பல மக்கள் வாழும் அந்தத் தீவில் ராணுவம் ஒன்று இருந்தால், அது யாருடைய ராணுவம் என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும். அந்தக் கேள்வி எழாமல் போனது பெரிய நிம்மதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டன் தன் கையில் வைத்துக்கொண்ட சாகோஸ் தீவுகளுக்காக மொரீஷியஸ் நடத்திய போராட்டமும் நீதிமன்ற வழியில்தான். மொரீஷியஸிடம் இருந்து அந்தத் தீவுகளைப் பிரித்தது சட்டப்படி நடக்கவில்லை, பிரிட்டன் அவற்றின் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரை சொன்னது.

மாலத்தீவின் கதை எச்சரிக்கை. 1988 நவம்பர் 3ஆம் தேதி விடிகாலையில், இலங்கையில் இருந்து வந்த கூலிப்படை ஒன்று மாலேயில் இறங்கித் தலைநகரைக் கைப்பற்றத் தொடங்கியது. சிறிய பாதுகாப்புப் பிரிவால் தாங்க முடியவில்லை. அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவில் இருந்து கிளம்பிய இந்தியப் பாராசூட் வீரர்கள் விமான நிலையத் தீவில் இறங்கினார்கள், சில மணி நேரத்தில் நிலைமை கைக்குள் வந்தது. தீயணைப்பு வண்டி நேரத்துக்கு வந்தது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்னவாகி இருக்கும் என்பதையும் ராணுவம் இல்லாத நாடு நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கலைத்தால் மட்டும் போதாது

ஹைத்தியும் 1995இல் ராணுவத்தைக் கலைத்தது. அடிக்கடி ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம் அது, கலைக்கக் காரணம் இருந்தது. ஆனால் கோஸ்டாரிகாவில் இருந்த மற்ற அடுக்குகள் ஹைத்தியில் இல்லை. போலீஸ் பலவீனம், நீதிமன்றம் பலவீனம், கருவூலம் காலி. 2004இல் பழைய படைவீரர்களும் சேர்ந்த கிளர்ச்சியில் அதிபர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. 2017இல் ராணுவத்தை மீண்டும் அமைக்கத் தொடங்கினார்கள். இன்று தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில். சுவரை இடித்தவர்கள் தூண் எழுப்பாமல் விட்டால் கூரை நிற்காது.

கோஸ்டாரிகாவுக்கும் இப்போது சோதனைக் காலம். போதைப்பொருள் கும்பல்கள் பெருகி, 2023இல் மட்டும் 900க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன, அதுவரை அந்த நாடு காணாத எண்ணிக்கை. ராணுவம் வேண்டும் என்ற குரல் சில இடங்களில் கேட்கிறது. நான் அதை ஏற்கவில்லை. கும்பல் குற்றத்துக்குத் தேவை துப்பறியும் போலீசும் விரைவான நீதிமன்றமும். பீரங்கி வண்டியை வைத்துக் கொக்கைன் பொட்டலத்தைத் தேட முடியாது.

இந்தியாவுக்கு இது பொருந்துமா?

வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். என் பதில்: பொருந்தாது. ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் நில எல்லை, அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு அண்டை நாடுகள், தீராத எல்லைத் தகராறுகள், 1962, 1965, 1971, 1999 என்று போர்களின் நினைவு. நமக்கு 101 என்று போன் செய்ய யாரும் இல்லை. மாலத்தீவுக்கு வண்டி அனுப்பியவர்களே நாம்தான். மொரீஷியஸ் ராணுவம் இல்லாமல் நிம்மதியாக இருக்க முடிகிறது என்றால், அதில் இந்தியக் கடற்படைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பொது ஏற்பாட்டை நம்பி வாழும் நாடுகள் இருக்க வேண்டுமானால், அந்த ஏற்பாட்டைச் சுமக்கும் நாடுகளும் இருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த நாடுகளிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அன்று கேள்வியைத் தொடங்கிவைத்த மாணவியே அதையும் கிளப்பினாள். அவள் குடும்பம் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரையில் ஜாபர்கான்பேட்டையில் இருந்தது, அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. "ராணுவம் இல்லாவிட்டால் வெள்ளத்தில் யார் சார் படகு கொண்டுவருவார்கள்?"

ஐஸ்லாந்தில் நடப்பதைச் சொன்னேன். பனிப்புயல், எரிமலை, கடல் விபத்து எதுவானாலும் அங்கே முதலில் இறங்குவது தன்னார்வ மீட்புக் குழுக்கள். ஆசிரியர், தச்சர், வங்கி ஊழியர் என்று ஊர் ஊராகப் பல்லாயிரம் பேர், முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். சம்பளம் கிடையாது. வண்டிக்கும் கயிற்றுக்கும் தேவையான பணத்தில் பெரும்பங்கைப் புத்தாண்டு இரவுக்குப் பட்டாசு விற்றுச் சேர்க்கிறார்கள். மக்களும் அவர்களிடமே வாங்குவதை ஒரு கடமைபோலச் செய்கிறார்கள்.

அவள் சிறிது நேரம் எதையோ நினைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்கள் தெருவுக்கு முதல் நாள் வந்தது மீனவர்களின் படகு, சார். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாட்டியை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். பச்சைச் சீருடை போட்டவர்கள் மறுநாள்தான் வந்தார்கள்."